இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

293318625600. சொல்லில் எழுதினால், இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. கல்லூரியில் எண்கோட்பாடு நடத்துகிறவன் நான். மாணவர்கள் கையில் ஒரே ஒரு பெரிய எண்ணைத்தான் கொடுக்கலாம் என்றால், யோசிக்காமல் இதைத்தான் கொடுப்பேன். பன்னிரண்டு இலக்கம் கொண்ட இந்த எண்ணை, கால்குலேட்டர் தொடாமல், நோட்டின் ஒரு பக்கத்துக்குள் முழுக்கப் பிரித்துவிடலாம். பிரித்தபின், பெரிய எண் என்றாலே பயந்து விலகுகிற பிள்ளைகூட அதன் உள்ளமைப்பை முழுசாகப் பார்த்துவிடும். அதோடு, இந்த எண்ணுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1915-இல் இராமானுஜன் வெளியிட்ட புகழ்பெற்ற பட்டியலில் இருந்திருக்க வேண்டியது, இல்லை.

முதலில் எண்ணைப் பிரிப்போம். பெரிய எண் எதைக் கையிலெடுத்தாலும் வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டிக்கொள்வது என் வழக்கம். 293, 318, 625, 600. இப்போது ஒன்றுவிட்டு ஒன்றைக் கூட்ட வேண்டும். 600-ஐயும் 318-ஐயும் கூட்டினால் 918. 625-ஐயும் 293-ஐயும் கூட்டினால் அதுவும் 918. இரண்டுக்கும் வித்தியாசம் பூச்சியம். வித்தியாசம் பூச்சியமாகவோ 1001-இன் மடங்காகவோ வந்தால், எண் 1001-ஆல் மீதியில்லாமல் வகுபடும். 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு என்பதால், ஒவ்வொரு மூன்றிலக்கத் துண்டும் மாறிமாறிக் கூட்டலாகவும் கழித்தலாகவும் நின்றுவிடுகிறது, அதுதான் காரணம். 1001 என்பது 7, 11, 13 மூன்றின் பெருக்கல். ஆக, ஒரே ஒரு கூட்டலில் மூன்று பகா எண்கள் கைக்கு வந்துவிட்டன.

1001-ஆல் வகுத்தால் ஈவு 293025600. கடைசி இரண்டு பூச்சியத்தை எடுத்தால் 100 வெளியே வருகிறது, மிச்சம் 2930256. இதைப் பாதியாக்கிக்கொண்டே போகலாம்: 1465128, 732564, 366282, 183141. நான்கு முறை பாதியாக்கியதும் ஒற்றைப்படை எண் வந்து நின்றுவிட்டது. 183141-இன் இலக்கங்களைக் கூட்டினால் 18; ஆகவே 9-ஆல் வகுபடும். ஈவு 20349, அதன் இலக்கங்களின் கூடுதலும் 18. மறுபடி 9-ஆல் வகுத்தால் 2261. இது 7-ஆல் வகுபட்டு 323 தருகிறது. 323 என்பது 18-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. அதாவது 17 பெருக்கல் 19. அவ்வளவுதான், எண் முழுவதும் பிரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கினால், 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒருமுறை. இடையில் ஒரு பகா எண்ணும் விடுபடவில்லை. சிறிய பகா எண்ணுக்கு அதிக அடுக்கு, பெரியதுக்குக் குறைந்த அடுக்கு என்று படிப்படியாக இறங்குகிறது. இந்த இறங்குமுகத்தை மாணவர்கள் தாங்களாகவே கவனிக்கும் வரை நான் வாயைத் திறப்பதில்லை. வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

அடுத்து வகுத்திகளை எண்ணுவது. எண்ணின் எந்த வகுத்தியை எடுத்தாலும் அதில் 2 எத்தனை முறை வரலாம்? ஒருமுறையும் வராமல் இருக்கலாம், ஆறுமுறை வரைக்கும் வரலாம். ஆக ஏழு வாய்ப்பு. 3-க்கு ஐந்து வாய்ப்பு, 5-க்கு மூன்று, 7-க்கு மூன்று, மற்ற நான்கு பகா எண்களுக்கும் இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 5040. பன்னிரண்டு இலக்க எண்ணுக்கு ஐயாயிரத்து நாற்பது வகுத்திகள்! இவற்றில் ஒற்றைப்படை வகுத்திகள் 720. முழு வர்க்கமாக உள்ள வகுத்திகள் 48.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். இரண்டு அடுக்கோ அதற்கு மேலோ உள்ள பகா எண்களின் அடுக்குகள் எல்லாமே இரட்டைப்படை. ஆகவே அந்தப் பகுதி ஒரு முழு வர்க்கம்: 2520-இன் வர்க்கம். 2520 என்பது 1 முதல் 10 வரை எல்லா எண்ணாலும் வகுபடும் மிகச்சிறிய எண். ஆக நம் எண், 2520-இன் வர்க்கத்தை 11, 13, 17, 19 நான்காலும் பெருக்கி வந்தது. அதன் வகுத்திகளின் எண்ணிக்கையோ 2520-இன் இரு மடங்கு. 1 முதல் 22 வரை எந்த எண்ணாலும் அது மீதியில்லாமல் வகுபடும். முதன்முதலில் தடுக்குவது 23-இல். 1 முதல் 50 வரை எடுத்துக்கொண்டால் 23, 29, 31, 37, 41, 43, 46, 47 ஆகிய எட்டு எண்கள் தவிர மற்ற நாற்பத்திரண்டும் அதை வகுக்கும். 23-ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் அது மறுபடி வரும்.

ஓர் எண்ணுக்கு, அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு வகுத்திகள் இருந்தால் அதை மிகுபகு எண் என்கிறோம். 12-க்கு ஆறு வகுத்திகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. 60-க்குப் பன்னிரண்டு, அதற்குக் கீழே எதற்கும் பன்னிரண்டு கிடையாது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு மணிக்கு 60 நிமிடம், ஒரு வட்டத்துக்கு 360 பாகை. பங்கு போட வசதியான எண்களை மனிதர்கள் வெகு காலத்துக்கு முன்பே பிடித்துவைத்திருக்கிறார்கள். பிளேட்டோ தன் ‘சட்டங்கள்’ நூலில் இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பத் தலைவர்கள் வேண்டும் என்று சொன்னதும், அந்த எண்ணைப் பல விதமாகப் பங்கிடலாம் என்பதால்தான். 5040-உம் ஒரு மிகுபகு எண். அதற்கு 60 வகுத்திகள்.

இந்த எண்களைத் தனி ஆய்வுப் பொருளாக எடுத்து, ஒரு முழுக் கோட்பாட்டைக் கட்டியவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன். 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மறு ஆண்டே இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் மிகுபகு எண்கள் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் கொடுத்ததும் இந்த ஆய்வுக்காகத்தான். போர்க்காலத்தில் கழகத்துக்குப் பண நெருக்கடி. அதனால் கட்டுரையின் பிற்பகுதி அப்போது அச்சேறவில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பிரெஞ்சுக் கணிதர்களான ழான் லூயி நிக்கோலாவும் கீ ரோபேனும் குறிப்புகளோடு பதிப்பித்தது 1997-இல்.

அந்தக் கட்டுரையில் 6746328388800 வரையிலான மிகுபகு எண்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. 102 எண்கள். கணினி என்ற பேச்சே இல்லாத காலத்தில் கையால் போட்டது. எண், அதன் வகுத்திகளின் எண்ணிக்கை, பகா காரணிகள் என்று வரிவரியாக ஓடுகிற அந்தப் பட்டியலில் 240940299600 இருக்கிறது, 4800 வகுத்திகள். அடுத்த வரி 321253732800, 5376 வகுத்திகள். இரண்டுக்கும் நடுவே, 5040 வகுத்திகளோடு நம் எண் இருந்திருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் விடுபட்டது இது ஒன்றுதான்.

இருந்திருக்க வேண்டும் என்று எப்படித் துணிந்து சொல்வது? இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5040 வகுத்திகள் இல்லை என்று காட்ட வேண்டும். ஏறக்குறைய முப்பதாயிரம் கோடி எண்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியுமா? தேவையே இல்லை. கைவேலையின் அழகு இங்கேதான் இருக்கிறது. பெரிய பகா எண்ணுக்கு அதிக அடுக்கும் சிறியதுக்குக் குறைந்த அடுக்கும் இருந்தால், அடுக்குகளை இடம் மாற்றிப் போடுங்கள். வகுத்திகளின் எண்ணிக்கை மாறாது, எண் சிறுத்துவிடும். நடுவில் ஒரு பகா எண் விடுபட்டிருந்தாலும் இதே கதைதான். ஆகவே 2-இல் தொடங்கி வரிசை தப்பாமல் போய், அடுக்கு ஏறாமல் இறங்குகிற எண்களை மட்டும் பார்த்தால் போதும். முப்பதாயிரம் கோடி, ஒரு தாளில் அடங்குகிற எண்ணிக்கையாகச் சுருங்கிவிடுகிறது.

இனி, எந்தப் பகா எண்ணோடு நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். 31 வரை எல்லாப் பகா எண்களையும் ஒருமுறை பெருக்கினால் 200560490130. இன்னொரு 2 சேர்த்தால்கூட நம் எல்லையைத் தாண்டிவிடும். வகுத்திகள் 2048-ஓடு நின்றுவிடுகின்றன. 29-ஓடு நிறுத்தினால் 6469693230. அதன்மேல் 45 மடங்கு வரை பெருக்க இடம் இருக்கிறது. அந்த இடத்தை நிரப்பச் சிறந்த எண் 36. அப்போதும் 4096 வகுத்திகள்தான்.

23-ஓடு நிறுத்தினால்தான் போட்டி கடுமையாகிறது. 2 முதல் 23 வரையிலான பெருக்கல் 223092870, வகுத்திகள் 512. மேலே 1314 மடங்கு வரை இடம். இங்கே நின்று நிதானமாகத் தேட வேண்டும். 1152-ஆல் பெருக்கினால் 257002986240. 1200-ஆல் பெருக்கினால் 267711444000. 1260-ஆல் என்றால் 281097016200. 1296-ஆல் என்றால் 289128359520. நான்கையும் தனித்தனியாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். நான்குக்கும் வகுத்திகள் சரியாக 4608. முதன்முறை இதைப் பார்ப்பவர்கள் கணக்கில் எங்கோ பிசகிவிட்டது என்று திரும்பவும் போட்டுப் பார்ப்பார்கள், பிசகில்லை. அடுக்குகள் வேறு வேறு விதமாகப் பிரிந்தாலும் பெருக்கல் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது. இந்தக் கூட்டத்தில் எல்லாரையும் விட முன்னே நிற்பது 1080. அதனால் பெருக்கினால் 240940299600. இராமானுஜன் பட்டியலில் உள்ள அதே எண், 4800 வகுத்திகள். அதற்கு மேல் இந்த வழியில் போக முடியாது.

19-ஓடு நிறுத்தினால் 9699690, வகுத்திகள் 256. நம் எண்ணை இதனால் வகுத்தால் ஈவு சரியாக 30240. அதற்குக் குறைவான பெருக்கிகளில் 20160, 25200, 25920, 28800 ஆகிய நான்கும் எட்டுவது 4608 வரைதான். 30240 மட்டும் 5040-க்கு ஏறுகிறது. 17-ஓடோ அதற்கும் முன்னரோ நிறுத்தினால் 5040-ஐ நெருங்கவே வழியில்லை. ஆக, தனக்குக் கீழேயுள்ள அத்தனை எண்களையும் 293318625600 வென்றுவிடுகிறது. இந்தச் சோதனையைப் பேனாவும் தாளுமாக ஒருவர் உட்கார்ந்து ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம்.

இந்த எண் அடுத்த எண்ணுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 13967553600 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம்; 2688 வகுத்திகள். இராமானுஜன் தனியாக வரையறுத்த மேல்நிலை மிகுபகு எண்களில் இதுவும் ஒன்று. குடும்பச் செலவுக் கணக்குப் போல, கொடுக்கிற விலைக்கு என்ன வரவு என்று பாருங்கள். இந்த எண்ணை 23-ஆல் பெருக்கினால், புதுப் பகா எண் உள்ளே வருவதால் வகுத்திகள் அப்படியே இரட்டிப்பாகும்: 321253732800, 5376. அதற்குப் பதிலாக 3-ஆலும் 7-ஆலும் பெருக்கினால், 3-இன் அடுக்கு மூன்றிலிருந்து நான்காகும். 7-இன் அடுக்கு ஒன்றிலிருந்து இரண்டாகும். வகுத்திகள் 1.875 மடங்கு: 293318625600, 5040. விலை 21, வரவு 1.875 என்பது ஒரு வழி; விலை 23, வரவு 2 என்பது இன்னொரு வழி. இரண்டாவதுதான் இலாபம், அதனால்தான் 321253732800-உம் மேல்நிலை மிகுபகு எண்களில் ஒன்றாகிறது. ஆனால் 21 என்பது 23-ஐ விடக் கொஞ்சம் குறைவு. அந்தக் கொஞ்சத்தில்தான் நம் எண் முந்திக்கொண்டு, தனக்கென ஓர் இடத்தைப் பிடிக்கிறது.

இரண்டு விலையையும் ஒருசேரக் கொடுத்தால்? 13967553600-ஐ 21-ஆலும் 23-ஆலும் பெருக்கினால் 6746328388800, 10080 வகுத்திகள். இராமானுஜன் பட்டியலின் கடைசி எண் அதுவேதான். விடுபட்ட எண்ணை, அதை முதன்முதலில் வகுக்காமல் தடுத்த 23-ஆல் பெருக்கினால், பட்டியலின் முடிவுக்கு வந்து சேர்கிறோம். கடைசி வரியில் உள்ள எண்ணின் காரணிகளில் 23-ஐ மட்டும் விரலால் மறைத்தால், விடுபட்ட எண் அங்கேயே முழுதாகத் தெரியும்.

5040 என்ற எண்ணும் சும்மா வந்து போகிற எண்ணில்லை. வகுத்திகளை எண்ணுவதற்குப் பதில் அவற்றை எல்லாம் கூட்டினால் என்ன வரும் என்ற கேள்வியையும் இராமானுஜன் அச்சேறாத பகுதியில் ஆராய்ந்திருந்தார். நம் எண்ணின் வகுத்திகளைக் கூட்டினால், எண்ணைப்போல் சுமார் 5.6 மடங்கு வரும். 1984-இல் ரோபேன் ஒன்றை நிறுவினார். எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கும் ஒரு முறை இயல் மடக்கை எடுத்து, ஏறத்தாழ 1.781 என்ற மாறிலியால் பெருக்க வேண்டும். 5040-க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் வகுத்திகளின் கூடுதல் அந்த மடங்குக்குக் கீழேயே நின்றால் ரீமன் கருதுகோள் உண்மை. ஏதாவது ஓர் எண் அதைத் தாண்டிவிட்டால் கருதுகோள் பொய். நம் எண்ணுக்கு அந்த வரம்பு சுமார் 5.83. 5.6 அதற்குள் அடங்கிவிடுகிறது. கணிதத்தின் மிகப் பெரிய தீராத கேள்வி, பள்ளிக்கூடத்து வகுத்தல் கணக்கோடு இவ்வளவு நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நிறைந்துவிடுகிறது.

இந்த ஓர் எண் விடுபட்டதைச் சொல்லும்போது சிலர் முகத்தில் வருத்தம் தெரியும். சிலர் இராமானுஜனைக் குறை சொல்வதாக எண்ணி முகம் சுளிப்பார்கள். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அந்தக் கட்டுரையின் தேற்றங்களில் இதனால் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சொல்லப்போனால், பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது என்று நாம் துல்லியமாகச் சொல்ல முடிவதே, அவர் கட்டிக்கொடுத்த கோட்பாட்டின் பலத்தால்தான். அடுக்குகள் இறங்குமுகமாக இருக்க வேண்டும். 4, 36 இரண்டைத் தவிர எல்லா மிகுபகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றுதான். இவற்றை எல்லாம் அதே கட்டுரையில் அவர்தான் நிறுவினார். அந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான், மேலே செய்த சோதனையை நம்மால் செய்ய முடிந்தது.

ஆசிரியராக எனக்கு இந்த எண் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். இதுவே மிகப் பெரியது, இதுவே மிக அதிகம் என்று சொல்ல வேண்டுமானால், போட்டியாளர்கள் எல்லாரையும் முறையாக வரிசைப்படுத்தி, ஒருவரையும் விடாமல் பார்த்தாக வேண்டும். நல்ல பெயர் உள்ளவர் சொன்னார் என்பதாலோ, திரையில் விடை வந்துவிட்டது என்பதாலோ அந்த வேலை முடிந்துவிடாது. இன்றைக்குக் கணினி ஒரு நொடியில் இந்தப் பட்டியலைப் போட்டுத்தரும், தரட்டும், நல்லதுதான். ஆனால் 23-ஓடு நிறுத்தினால் 4800, 19-ஓடு நிறுத்தினால் 5040 என்று ஒவ்வொரு கிளையாகப் போய்ப் பார்த்த பிள்ளைக்கு, அந்த விடை ஏன் அப்படி வருகிறது என்பது தெரிந்திருக்கும். அந்தப் புரிதல் கையால் போட்டுப் பார்க்காமல் வராது.

கணக்கு ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. பள்ளியிலேயே பிள்ளைகளுக்குப் பகா காரணிகளைச் சொல்லிக்கொடுக்கிறோம். கொடுக்கிற எண்களோ 36, 48, 144 என்று சின்னதாகவே நின்றுவிடுகின்றன. ஒரு நாள் 293318625600-ஐக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். மும்மூன்றாக வெட்டச் சொல்லுங்கள். 918-உம் 918-உம் சமமாக வரும்போது வகுப்பு எப்படி நிமிர்ந்து உட்காருகிறது என்று பாருங்கள். அது முடிந்ததும் 6746328388800-ஐக் கொடுங்கள். அதையும் மும்மூன்றாக வெட்டினால் ஒரு பக்கம் 1134, மறுபக்கமும் 1134. பிரித்து முடித்த பிள்ளைகளிடம், இந்த இரண்டில் ஒன்று இராமானுஜன் பட்டியலில் இருக்கிறது, மற்றொன்று இல்லை என்று சொல்லுங்கள். இல்லாத எண்ணுக்கும் அங்கே இடம் உண்டு என்பதை நிறுவும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.